அடைபட்ட குடலின் அசைவு

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவரிடம், காலையில் ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் நம் ஊர் வார்டுகளில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "காத்து பிரிஞ்சுதா?" பக்கத்தில் நிற்கும் உறவுக்காரர்கள் கூச்சத்தோடு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நோயாளி ஆமாம் என்று தலையசைத்தால் மருத்துவர் முகம் தெளியும். இல்லையென்றால் ஸ்டெதஸ்கோப் வயிற்றின்மேல் இறங்கும். குடல் நகர ஆரம்பித்துவிட்டதா என்பதுதான் அந்த நேரத்தில் வேண்டிய சேதி. சிடி ஸ்கேன் வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் அந்தக் கேள்வி மாறவில்லை.

குடலடைப்பு என்றதும் நம் மனதில் எழும் படம், அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாய். மேலே தேங்கும், கீழே வறண்டுபோகும், அடைப்பை எடுத்தால் சரியாகிவிடும். நோயாளிக்கு விளக்க மருத்துவர்களே இந்த உவமையைச் சொல்வதுண்டு. ஆனால் குழாய்க்கு அடைப்பு தெரியாது. குடலுக்குத் தெரியும். அது முதலில் முட்டி மோதுகிறது, பிறகு அடங்குகிறது. அந்த அடங்கலை வெறும் களைப்பு என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். குடல் தசை தன்னைத்தானே ஒடுக்கிக்கொள்ளும் வேதியியலும் அதில் இருக்கிறது என்று இப்போது தெரியவந்திருக்கிறது. அடைப்பு எங்கே என்று தேடுவதோடு, அசைவு என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்பதும் இந்த நோயில் சம அளவு முக்கியம். கடந்த 120 ஆண்டு ஆராய்ச்சியைத் திரும்பிப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

முதலில், அடைப்பில்லாத குடல். சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். அதன் சுவரில் இரண்டு தசை அடுக்குகள்: உள்ளே வளையமாகச் சுற்றிய தசை, வெளியே நீளவாக்கில் ஓடும் தசை. இரண்டுக்கும் நடுவே ஔவர்பாக் கண்டுபிடித்த நரம்பு வலை. அதற்கும் உள்ளே, சளிச்சவ்வுக்கு அடியில், மைஸ்னரின் வலை. 1899இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் (மைத்துனர்கள், ஸ்டார்லிங்கின் சகோதரியை மணந்தவர் பேலிஸ்) நாயின் குடலில் ஓரிடத்தைத் தூண்டிப் பார்த்தார்கள். தூண்டிய இடத்துக்கு மேலே குடல் சுருங்கியது, கீழே தளர்ந்தது. மூளையிலிருந்து வரும் நரம்புகளை அறுத்த பின்னும் இது நடந்தது. பின்னால் இருந்து பிழிந்து முன்னால் வழிவிடும் இந்த ஒழுங்கை அவர்கள் குடலின் விதி என்றே அழைத்தார்கள். உணவு ஒரே திசையில் போவது இதனால்தான்.

இதன் தாளத்தைக் கொடுப்பவை கஹால் செல்கள். ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி ரமோன் இ கஹால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த இவற்றின் வேலை, நூறு ஆண்டுகள் கழித்து 1990களில்தான் உறுதியாயிற்று. இதயத்துக்கு ஒரு பேஸ்மேக்கர் இருப்பதுபோலக் குடலுக்கு இவை. மின்னலைகளை இவை எழுப்பும் வேகம், மனிதரின் முன்சிறுகுடலில் நிமிடத்துக்குச் சுமார் 12. கீழே இறங்கக் குறைந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 8 அளவில் நிற்கிறது. சாப்பிட்ட பிறகு பெரும்பாலும் நடப்பது முன்னே தள்ளுவதல்ல, இடையிடையே நெரித்துப் பிசைவது. அமெரிக்கரான வால்டர் கேனன், புதிதாக வந்திருந்த எக்ஸ்ரேயை வைத்துப் பூனைகளில் இதைப் பார்த்து 1902இல் எழுதினார். பூனை பதற்றமடைந்தால் அசைவு சட்டென்று நின்றுவிடுவதையும் அவர் குறித்தார். வயிறு காலியாக இருக்கும் வேளைகளில் 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை பலமான ஓர் அலைத்தொடர் மேலிருந்து கீழ்வரை பெருக்கிக்கொண்டே போகும். வாசல் பெருக்குவதுபோல. சிறுகுடலில் கிருமிகள் குடியேறாமல் இருப்பதற்கு இந்தப் பெருக்கலும் ஒரு காரணம்.

இன்னொரு கணக்கும் வேண்டும். நாம் குடிப்பது, உண்பதில் இருப்பது எல்லாம் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 2 லிட்டர். எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் எல்லாம் சேர்ந்து இன்னும் 6 முதல் 7 லிட்டர். இவ்வளவும் உள்ளே இறங்கி, திரும்ப உறிஞ்சப்பட்டு, மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர்தான். அடைப்பு வந்தால் நின்றுபோவது சோறு மட்டுமல்ல, இந்த ஆறும்தான்.

அடைப்பின் காரணங்கள் ஊருக்கு ஊர் மாறும். மேலை நாடுகளில் சிறுகுடல் அடைப்பில் பெரும்பங்கு பழைய அறுவை சிகிச்சைகள் விட்டுச்செல்லும் ஒட்டுகளால் வருவது. இந்தியாவில் அவற்றோடு, காலம் தாழ்த்திக் காட்டப்படும் குடலிறக்கமும், சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தைச் சுருக்கும் காசநோயும் இருக்கின்றன. குழந்தைகளில் நாடாக்களைச் சுருட்டி வைத்ததுபோல உருளைப்புழுக்கள் திரண்டு அடைத்துக்கொள்வதுண்டு. கைக்குழந்தைகளில் குடலுக்குள் குடல் செருகிக்கொள்ளும். பெருங்குடலில் புற்றுநோய், முறுக்கு.

அடைப்பு விழுந்தவுடன் அதற்கு மேலே இருக்கும் குடல் சும்மா இருப்பதில்லை. பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்ட விதிப்படியே வேலை செய்கிறது: உப்பும் இடத்துக்கு மேலே சுருங்குகிறது. ஆனால் முன்னால் வழி இல்லை. எனவே மறுபடி சுருங்குகிறது, இன்னும் பலமாக. வலி விட்டுவிட்டு வருவது இதனால்தான். நோயாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுகுவார், ஒன்றிரண்டு நிமிடத்தில் நிமிர்ந்து பெருமூச்சு விடுவார், மீண்டும் குறுகுவார். மேற்குடலில் அடைப்பு என்றால் இந்த அலைகள் நெருங்கி வரும். கீழே போகப்போக இடைவெளி கூடும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்டால் வலி ஏறும் அதே நேரத்தில் உயர்ந்த சுருதியில் ஒரு கிணுகிணுப்பு. உப்பிய குடலில் காற்றும் நீரும் சேர்ந்து நெரிபடும் ஓசை அது. மெலிந்த உடலாக இருந்தால், நாள்பட்ட அடைப்பில், வயிற்றுத் தோலுக்கு அடியில் குடல் ஏணிப்படிபோல எழுந்து நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

1983இல் அமெரிக்க ஆய்வாளர்கள் குடலுக்குள் அழுத்தமானிக் குழாய்களை விட்டுப் பதிவுசெய்தபோது இந்தப் போராட்டத்துக்கு ஒரு வடிவம் தெரிந்தது. பகுதி அடைப்பு உள்ளவர்களில், சாப்பிட்ட பிறகு, சுருக்கங்கள் கொத்துக்கொத்தாக வந்தன. ஒரு கொத்து, சிறிது அமைதி, அடுத்த கொத்து. சிலரில் நீண்ட நேரம் பிடித்துவைக்கும் சுருக்கங்கள் பல இடங்களில் ஒரே சமயத்தில் எழுந்தன. ஒரே சமயத்தில் எழுவது எதையும் தள்ளாது. அலை என்பது ஓரிடம் முந்தி, அடுத்தது பிந்தி வந்தால்தான்.

அடைப்புக்குக் கீழே நடப்பது நேர்மாறு. அங்கே குடல் அமைதியாகிறது. ஓரிடத்தில் குடல் அதிகமாக உப்பினால், முதுகெலும்புக்கு முன்னால் இருக்கும் நரம்பு முடிச்சுகள் வழியாக மற்ற இடங்களுக்கு "நில்" என்ற சேதி போகிறது. உடலின் தற்காப்பு இது. ஆனால் அதற்கு முன் கீழ்க்குடலில் ஏற்கெனவே இருந்தது ஒருமுறை, இருமுறை வெளியேறிவிடும். குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான். "காலையில வெளிக்குப் போனாரே, அப்புறம் எப்படி அடைப்பு?" என்று கேட்டுக்கொண்டு ஒரு நாளைக் கடத்திவிடுகிறார்கள். அந்த ஒரு நாள் சில நேரம் குடலின் விலை.

அதைவிட மோசமானது, வயிறு போகவில்லை என்று பேதி மருந்தோ விளக்கெண்ணெயோ கொடுப்பது. மூடிய கதவை நோக்கிக் கூட்டத்தை இன்னும் வேகமாக நெட்டுவதற்குச் சமம். வயிறு உப்பி, விட்டுவிட்டு வலித்து, வாந்தியும் வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் வீட்டு மருந்து எதுவும் வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இந்த நோயில் மனிதர் ஏன் இறக்கிறார் என்பதில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய சர்ச்சை இருந்தது. தேங்கிய குடலில் ஏதோ ஒரு நஞ்சு ஊறி இரத்தத்தில் கலக்கிறது என்றே பலர் நம்பினார்கள். 1912இல் நியூயார்க்கில் ஹார்ட்வெல், ஹோகே இருவரும் குடலை அடைத்த நாய்களுக்கு உப்புநீரைத் தொடர்ந்து ஊசி வழியே ஏற்றினார்கள். வழக்கமாகச் சில நாட்களில் இறக்கும் நாய்கள் பல நாட்கள் கூடுதலாக உயிரோடு இருந்தன. இரத்த ஓட்டம் கெடாதவரை, கொல்வது நஞ்சைவிட நீரிழப்பு என்று இது காட்டியது. இன்று வார்டில் முதல் வேலையாக ட்ரிப்ஸ் ஏற்றுவதன் வேர் அங்கே இருக்கிறது.

அடுத்தவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஓவன் வாங்கன்ஸ்டீன். அடைபட்ட குடலை உப்பவைக்கும் வாயு எங்கிருந்து வருகிறது? உணவு புளித்து உண்டாவது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். காற்று விழுங்க முடியாதபடி உணவுக்குழாயைத் துண்டித்த நாய்களில் குடலை அடைத்தபோது, குடல் அவ்வளவாக உப்பவில்லை, அவை நெடுநாள் பிழைத்தன. ஆக, வாயுவில் பெரும்பகுதி விழுங்கிய காற்று. வலியில் துடிப்பவர் மூச்சை இழுக்கும்போது காற்றையும் விழுங்குகிறார், அது உப்பலைக் கூட்டுகிறது, உப்பல் வலியைக் கூட்டுகிறது. 1930களின் தொடக்கத்தில் அவர் மூக்கு வழியே ஒரு குழாயை இரைப்பைக்கு விட்டு, காற்றையும் நீரையும் தொடர்ந்து உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். நம் மருத்துவமனைகளில் ரைல்ஸ் டியூப் என்று எல்லாரும் வெறுக்கும் அந்தக் குழாய், உலகெங்கும் எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது. அது செய்வது உப்பலைத் தணிப்பதுதான். அது அசைவுக்கும் நல்லது என்பதற்கான காரணம் பிறகுதான் விளங்கியது.

நேரம் போகப்போக வலியின் அலைகள் மங்குகின்றன. கிணுகிணுப்பு குறைகிறது. வயிறு பெரிதாகி இறுகுகிறது. வாந்தி முதலில் பித்தமாக, பிறகு கலங்கலாக, கடைசியில் மல நாற்றத்தோடு. பெருங்குடலில் இருப்பது மேலேறி வந்துவிட்டது என்று பார்ப்பவர்கள் அஞ்சுவார்கள். அப்படியல்ல. பெருக்கும் அலைகள் இல்லாமற்போன சிறுகுடலில், தேங்கிய நீரில் கிருமிகள் பெருகியதன் நாற்றம் அது. அசைவு நின்றதன் வாசனை என்றே சொல்லலாம்.

குடல் தசை ஏன் அடங்குகிறது? களைத்துவிட்டது என்பது பழைய பதில். 2011இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கால்வெஸ்டன் மருத்துவ மையத்தில் ஷியும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அந்தப் பதிலைக் கிளறிவிட்டது. எலிகளின் பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் ஒரு சிலிக்கோன் வளையத்தை மாட்டிப் பகுதி அடைப்பை உண்டாக்கினார்கள். அடைப்புக்கு மேலே உப்பிய பகுதியின் தசையில் காக்ஸ்-2 என்ற நொதி பல மடங்கு கூடியிருந்தது. அடைப்புக்குக் கீழே, உப்பாத பகுதியில் அப்படிக் கூடவில்லை. இரண்டும் ஒரே எலியின் ஒரே குடல், சில சென்டிமீட்டர் இடைவெளி, ஒரே இரத்தம். எனவே இதைத் தூண்டியது இரத்தத்தில் வந்த எதுவுமல்ல, இழுபட்டதுதான் என்று முடிவுசெய்ய இடம் உண்டு. காக்ஸ்-2 உண்டாக்கும் ப்ராஸ்டாகிளாண்டின், அந்தத் தசையின் சுருங்கும் திறனைக் குறைத்தது. காக்ஸ்-2வைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது சுருக்கம் பெரிதும் மீண்டது. அந்த நொதிக்கான மரபணு இல்லாத சுண்டெலிகளிலும் அசைவு அவ்வளவாகக் கெடவில்லை.

காக்ஸ்-2 என்றால் மூட்டுவலிக்காரர்களுக்குப் பழக்கமான பெயர்தான். அழற்சியின் நொதி என்று அறியப்பட்டது. இங்கே அதை உற்பத்தி செய்தது முக்கியமாகக் குடலின் தசைச் செல். அந்தச் செல்லை இழுத்தால், அதன் உட்கருவில் மரபணுக்களின் கதவு திறக்கிறது. வாங்கன்ஸ்டீனின் குழாய்க்கு இதில் ஒரு புது விளக்கம் கிடைக்கிறது: உப்பலைத் தணித்தால் இழுவிசை தணியும், தசை தன்னை ஒடுக்கிக்கொள்வதும் தணியும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். எலியில் கண்டதை வைத்து, அடைப்புள்ள மனிதருக்கு வலிமாத்திரை கொடுக்க இது வழிகாட்டல் ஆகாது. நீரிழந்த உடலில் அவ்வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் வளரும் அடைப்பில் குடல் வேறொன்று செய்கிறது. அடைப்புக்கு மேலே தசை தடிக்கிறது. கினிப்பன்றிகளில் கபெல்லா செய்த ஆய்வுகளில், தசைச் செல்கள் பருத்தும் பெருகியும் சுவர் பல மடங்கு கனத்திருந்தது. கனத்த சுவர் பலமான சுவர் என்று தோன்றும். ஆனால் சுண்டெலிகளின் சிறுகுடலில் பகுதி அடைப்பை வைத்துப் பார்த்த 2001ஆம் ஆண்டு ஆய்வில், மேற்பகுதியில் கஹால் செல்களின் வலை சிதைந்தும் மின்னலைகள் மறைந்தும் போயிருந்தன. தசை இருக்கிறது, தாளம் இல்லை. நம்பிக்கை தரும் செய்தியும் அதிலேயே இருந்தது: அடைப்பை நீக்கியபின் அந்தச் செல்களும் அலைகளும் திரும்பி வந்தன. அடைப்பு நீங்கிய மறுநாளே எல்லாம் ஏன் சரியாவதில்லை என்று கேட்கும் நோயாளிக்கு, குழாய் உவமையைவிட இந்தச் சுண்டெலி நல்ல பதில்.

அடைப்பே இல்லாமல் அசைவு நிற்பதும் உண்டு. வயிற்றைத் திறந்து குடலைக் கையாண்ட எந்த அறுவைக்குப் பிறகும் சில நாட்கள் இது நேரும். சிறுகுடல் ஒரு நாளுக்குள், இரைப்பை ஒன்றிரண்டு நாளில், பெருங்குடல் இரண்டு மூன்று நாளில் விழித்துக்கொள்ளும். கடைசியாக விழிப்பது பெருங்குடல் என்பதால்தான் "காத்து பிரிஞ்சுதா" என்ற கேள்விக்கு அவ்வளவு மதிப்பு. கை பட்டதால் தசைச் சுவருக்குள் இருக்கும் விழுங்கு செல்கள் கிளர்ந்து அழற்சியை உண்டாக்குவதும் இதற்கு ஒரு காரணம் என்று பிட்ஸ்பர்க் ஆய்வுகள் காட்டின. இரத்தத்தில் பொட்டாசியம் குறைவதும், மார்பின் வகை வலிமருந்துகளும் இதை நீட்டிக்கும். 1948இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஓகில்வி, பெருங்குடல் அடைத்ததுபோலவே உப்பியும் அடைப்பே காணப்படாத இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். இன்று அந்த நோய் அவர் பெயரால் வழங்குகிறது. 1999இல் வெளியான சோதனையில், இப்படிப்பட்ட 21 பேரில் 11 பேருக்கு நியோஸ்டிக்மின் ஊசி போட்டார்கள். 10 பேருக்குச் சில நிமிடங்களிலேயே காற்று வெளியேறியது. வெற்று ஊசி பெற்ற 10 பேரில் ஒருவருக்கும் இல்லை. அதே ஊசியை உண்மையான அடைப்பு உள்ளவருக்குப் போட்டால் குடல் கிழியக்கூடும்.

எனவே இரண்டையும் பிரித்தறிவது உயிர்ப் பிரச்சினை. வயிற்றின் ஓசையை வைத்துப் பிரிக்கலாம் என்று பாடநூல்கள் சொன்னாலும், ஒரே ஓசையைக் கேட்கும் மருத்துவர்கள் ஒத்துப்போவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அதிலும், நாள் கடந்த அடைப்பு அமைதியாகிவிடும். துடித்தவர் திடீரென்று வலி குறைந்தது என்றால் மகிழக் கூடாது. விட்டுவிட்டு வந்த வலி விடாத வலியாக மாறுவது அதைவிட ஆபத்தான அறிகுறி: குடலின் இரத்த ஓட்டம் நெரிபடுகிறது. முதலில் சிரை அடைபடும், சுவர் வீங்கும், பிறகு தமனி. அதன்பின் அசைவைப் பற்றிப் பேச எதுவும் மிஞ்சாது. குடலடைப்பின்மேல் சூரியன் உதிக்கவும் விடாதே, மறையவும் விடாதே என்று பழைய அறுவை மருத்துவர்கள் சொன்னது இந்தப் பயத்தில்தான். இன்று ஒட்டுகளால் வந்த அடைப்பில், நெரிபடும் அறிகுறி இல்லாவிட்டால், 72 மணி நேரம் வரை காத்திருப்பதை ஏற்கிறார்கள். குழாய் வழியே காஸ்ட்ரோகிராஃபின் என்ற மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். 24 மணி நேரத்துக்குள் அது பெருங்குடலை எட்டினால் கத்தி தேவைப்படாமல் போகும் வாய்ப்பு அதிகம். அசைவையே சாட்சியாக அழைத்துக் கேட்கும் சோதனை இது.

அடைப்பையும் அசைவையும் பிரிக்க முடியாது என்பதற்குக் குழந்தைகளின் நோய் ஒன்றைவிடத் தெளிவான சான்று இல்லை. 1886இல் பெர்லினில் நடந்த குழந்தை மருத்துவர்கள் கூட்டத்தில், கோபன்ஹேகனிலிருந்து வந்த ஹிர்ஷ்ஸ்ப்ருங், பிறந்ததிலிருந்தே மலம் கழிக்க முடியாமல் இறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றிப் பேசினார். அவர்களின் பெருங்குடல் பிரமாண்டமாக உப்பித் தடித்திருந்தது. நோய் அந்த உப்பிய பகுதியில் இருப்பதாகவே பல பத்தாண்டுகள் எல்லாரும் நம்பினார்கள், அதை வெட்டியும் எடுத்தார்கள். குழந்தைகள் குணமாகவில்லை. 1940களின் இறுதியில் பாஸ்டனில் ஸ்வென்சன், குடலுக்குள் பலூன்களை வைத்து அழுத்தத்தைப் பதிவுசெய்தார். உப்பிய பகுதியில் அலைகள் ஓடின. அதற்குக் கீழே, பார்வைக்கு ஒழுங்காக, ஒல்லியாகத் தெரிந்த பகுதியில்தான் அலை நின்றுபோனது. அங்கே ஔவர்பாக் வலையின் நரம்புச் செல்களே இல்லை. தளரச் சொல்ல ஆள் இல்லாததால் அந்தப் பகுதி எப்போதும் இறுகிக் கிடந்தது. சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் இந்த நோயில், வளையமோ ஒட்டோ கட்டியோ எதுவும் இல்லை. அசைவின்மையே அடைப்பு.

ஸ்வென்சன் அந்த ஒல்லிப் பகுதியை வெட்டியெடுத்து, மேலே இருந்ததை இறக்கிவந்து ஆசனவாயோடு இணைத்தார். குழந்தைகள் பிழைத்தார்கள். இன்றும் இந்த அறுவையின் நடுவில் ஓர் இடைவேளை உண்டு. குடல் சுவரிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து, உறையவைத்து வெட்டிப் பார்க்க நோயியல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். எங்கே வெட்டுவது, எங்கே தைப்பது என்பதைக் குடலின் அகலத்தையோ நிறத்தையோ பார்த்து முடிவுசெய்வதில்லை. நரம்புச் செல்கள் தெரிகின்றன என்று ஆய்வகத்திலிருந்து பதில் வரும்வரை, குழந்தையின் குடலை வெதுவெதுப்பான ஈரத்துணியால் மூடிவைத்துக் காத்திருக்கிறார்கள்.